நாக்குல வைக்காத பேரு

கடைசி லயத்துக் காத்தாயி மகளுக்கு வார்த்தை கொழம்ப ஆரம்பிச்சிருக்காம். நேத்து காத்தாயி வந்து என் பக்கத்துல உக்காந்து அழுத அழுகை இருக்கே, எனக்கு அடுப்பு வேலையே ஓடல. "அக்கா, ஒனக்கும் இப்புடித்தான வந்துச்சு? எப்புடிப் போச்சு? சொல்லுக்கா"ன்னா. அவ ஒருத்திக்குச் சொன்னா அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அதனால இன்னைக்கு மழைக்கு வேலை நின்ன நேரத்துல என் மக பொன்னிய உக்கார வச்சு எழுதச் சொல்லியிருக்கேன். அவ மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ. நான் பேசுறத அப்படியே எழுதுடி, திருத்தாதன்னு சொல்லியாச்சு. திருத்துனா எழுத்து அவளோடதாயிரும். சீக்கு என்னோடதுல்ல.

ஒண்ணு மொதல்லயே சொல்லிர்றேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டருன்னு யாரும் கேக்காதீங்க. பதுளை ரோட்டோரமா இருந்த ஆஸ்பத்திரி, இப்ப அந்தக் கட்டடமே இல்ல. பேரு சொல்லாம இருக்கறது எனக்குப் பழகுன வேலை. எங்க சனத்துல புருசன் பேர பொஞ்சாதி வாயால சொல்லக்கூடாது, சொன்னா அவுக ஆயுசு கொறையும். கண்ணாலம் ஆன நாள்லேருந்து எனக்கு அவுக "இந்தாங்க"தான். பொன்னி பொறந்தப்புறம் "பொன்னியப்பா". யாராவது பேரு கேட்டா பக்கத்துல இருக்கவளச் சொல்லச் சொல்லுவோம். பக்கத்துல ஆளு இல்லேன்னா சாடையா அடையாளம் சொல்லுவோம். இந்த வழக்கத்துலதான் நான் மாட்டிக்கிட்டேன்.

அப்ப நாங்க ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். பொன்னி சுவத்தப் புடிச்சு நடக்கப் பழகிக்கிட்டிருந்தா. எனக்கு மொதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் காது கெட்டுச்சு. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கையில கங்காணி என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. திரும்பிப் பாத்தா அவரு தூரத்துல, அந்தத் தொங்கல்ல பாறை மேல உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டிருப்பாரு. வாயே தொறக்கல. ஆனா எனக்குக் கேக்குது, பெரட்டுக்களத்துல கூப்பிடுற அதே குரலு. "அழகம்மா! அழகம்மா!"

வெளியூர்க்காரங்களுக்குப் பெரட்டு தெரியாது. விடியறதுக்கு முன்ன தப்பு அடிப்பாங்க. எல்லாரும் போத்திக்கிட்டுக் களத்துல போய் நிக்கணும். கங்காணி வரிசையாப் பேரு கூப்பிடுவாரு. கூப்பிட்ட ஆளு "இருக்கேங்க"ன்னு குரல் குடுக்கணும். குடுக்கலேன்னா அன்னைக்கு நீ வேலைக்கு வந்த ஆளே இல்ல. அந்தப் பழக்கத்துல நானும் மலையில நின்னுக்கிட்டு, யாருமே கூப்பிடாத பேருக்கு "இருக்கேங்க, இருக்கேங்க"ன்னு கத்துனேன். பக்கத்து நெரையில நின்னவளுக சிரிச்சாளுக. கொஞ்ச நாள்ல சிரிக்கறத விட்டுட்டாளுக.

அடுத்தாப்ல வார்த்தை போச்சு. அத எப்புடிச் சொல்றது? வார்த்தை மறந்து போறது எல்லாருக்கும் உண்டு. எனக்கு அப்புடி இல்ல. வார்த்தையும் சாமானும் ஒட்டாமப் போச்சு. ஒரு நா கொழுந்து மடுவத்துல நிறுக்கறதுக்கு நின்னேன். கணக்கப்பிள்ளை என் கூடையில கைய விட்டுக் கெளறிட்டு, "ஏ புள்ள, மாட்டுக்கா புடுங்கியாந்த?"ன்னு அப்புடியே கவுத்துனாரு. மானாப்புல்லு, பன்னச் செடி, பேரு தெரியாத களை, நடுவுல கொஞ்சம் கொழுந்து. சத்தியமாச் சொல்றேன், அது எல்லாம் எனக்கு அன்னைக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. பச்சையா முளைச்சு நிக்குதா, அது கொழுந்து. அவ்வளவுதான். அவரு ஏன் திட்டுறாருன்னு எனக்கு வெளங்கல. பைத்தியம் அவருக்குத்தான்னு நெனச்சேன்.

இனி சொல்றதக் கேட்டுட்டு பொன்னி எழுத மாட்டேம்பா. எழுதுடி. நீயும் தெரிஞ்சுக்கணும்.

அன்னைக்குச் சாயந்திரம், வேலை நேரத்துல கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ள மடுவத்துல போய் இவளத் தூக்குனேன். கொழுந்துக் கூடை முதுகுல, இவ இடுப்புல. ரெண்டும் கனம். ரெண்டும் நான் தூக்கிட்டு நடக்கற சாமான். நிறுவைக்கு எல்லாரும் கூடைய வரிசையா எறக்கி வச்சிருந்தாளுக. நான் அந்த வரிசையில இவள எறக்கி வச்சேன். கூடையோட, லயத்து வரிசையில எங்க வீடா இருந்த காம்பராவுக்கு வந்தேன். கூடையத் தொட்டில்ல போட்டு, போத்திவிட்டு, ஆட்டுனேன். ஆராரோ பாடுனேன். கூடையும் அழுவல, நல்ல புள்ளையாத் தூங்குச்சு.

எங்க வீட்டு ஆளு ஓடியாந்தாக. இவ அவுக தோள்ல கெடந்து கத்துறா. "ஏண்டி... ஏண்டி..."ங்கறாக. நான் வாயில வெரல வச்சு, "சத்தம் போடாதீங்க, பொன்னி தூங்குறா"ன்னேன். அவுக அப்படியே கீழ உக்காந்துட்டாக. அந்த மொகம் எனக்கு இன்னமும் மறக்கல. மத்ததெல்லாம் கலைஞ்சு கெடந்த மூளையில அது மட்டும் எப்புடி அப்புடியே நின்னுச்சோ தெரியல.

முனி அடிச்சிருச்சுன்னாங்க. பூசாரி வந்தாரு, வேப்பிலை அடிச்சாரு, சேவல் அறுத்தாங்க, மொகத்துல சாம்பிராணிப் பொகையப் போட்டாங்க. முனி போகல. தோட்டத்துத் தொரைக்குச் சேதி போச்சு. அவரு ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, மாட்டு வண்டியில என்னய ஏத்தி அனுப்பிட்டாரு. வண்டி பொறப்படறப்போ நாத்தனா பொன்னியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. நான் அழுதுருவேன்னு இல்ல. நான் என்ன பண்ணிருவேனோன்னு பயம்.

ஆஸ்பத்திரியில புத்தி கெட்ட பொம்பளைகளுக்குன்னு கோடியில ஒரு அறை. சன்னலுக்குக் கம்பி. கதவுக்குத் தாப்பா வெளிப்பக்கம். உள்பக்கம் தாப்பாளே கெடையாது. புத்தி கெட்டுக் கெடந்தாலும் அத நான் மொத நாளே பாத்துட்டேன். எங்க காம்பராவும் பொந்துதான், கால நீட்டிப் படுக்க எடம் பத்தாது, பொகை போக வழி இல்ல. ஆனா அது நான் உள்ளேருந்து சாத்துற கதவு. இங்க கதவ ஆளு தொறந்தாத்தான் தண்ணி, ஆளு தொறந்தாத்தான் வெளிக்குப் போறது. சன்னல் வழியா எதிர்ப்பக்கத்துச் சரிவும் ரோடும் தெரியும். ரோட்டுல மூட்டை ஏத்துன வண்டிக போகும். போறவனெல்லாம் எங்கயோ போறான், நான் மட்டும் இங்கயே நிக்கிறேன்னு மாரடிச்சுக்கிட்டு அழுவேன்.

என்னோட இருந்தது கதீஜாக்கா. பண்டாரவளை பஸார்ல துணிக்கடை வச்சிருக்கவங்க வீட்டு ஆளு. அவுங்களுக்குப் புத்தியில ஒண்ணும் இல்ல, வலிப்பு. விழுந்தா நாக்கக் கடிச்சுக்குவாங்க. அதுக்கு வேற எடம் இல்லாம என்னோட போட்டிருந்தாங்க. மொத நாளு என்னயப் பாத்து, "அடிக்க மாட்டாய்தானே புள்ள?"ன்னு கேட்டாங்க. நான் "கூடை"ன்னேன். "அல்லாஹ்வே, நல்ல கூட்டாளியத் தந்தாய்"ன்னு மேல பாத்துச் சொல்லிட்டு, அவுங்க வீட்லேருந்து வந்த பேரீச்சம்பழத்துல ஒண்ண என் கையில வச்சாங்க. அதுலேருந்து அவுங்க எனக்குக் கூடப்பொறந்தவதான்.

மருந்து ரெண்டு தினுசு. ஒண்ணு உப்புக் கரிக்கும். இன்னொண்ணு கெட்ட நாத்தம், குடிச்சா ராவெல்லாம் பொணம் மாதிரித் தூக்கம், விடிஞ்சும் வாயில அந்த நாத்தம் போகாது. பச்சத் தண்ணியில உக்கார வைப்பாங்க. பதுளைக் குளுருல அது வைத்தியமா தண்டனையான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

வாரத்துக்கொருக்கா வெள்ளக்கார டாக்டர் வருவாரு. அவருக்குத் தமிழ் வராது. பேச்ச மாத்திச் சொல்றது அப்போதிக்கரி ஐயா, அதாவது ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிக் குடுக்கறவரு. கீழ்நாட்டுச் சிங்களவரு, பஸார்ல பழகுன தமிழ். நல்ல மனுசன்தான். ஒரு தட்டுல சாமானுங்கள வச்சு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவாங்க. "இது என்ன?"

சாவியக் காட்டுனா நான் "பூட்டு"ம்பேன். சீப்பக் காட்டுனா "பேனு". கரண்டியக் காட்டுனா "கஞ்சி". தப்புன்னு எனக்கே தெரியும். அதுதான் கொடுமை. எப்புடின்னா, லயத்துல நான் ஒரு காம்பராவத் தட்டுறேன்னு வையி, பக்கத்துக் காம்பராக்காரி கதவத் தொறந்துக்கிட்டு வந்து நிக்கிறா. நீ இல்லடி, அவளக் கூப்பிடுன்னா, அதுக்கு அடுத்த காம்பராக்காரி வர்றா. தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். கடைசில யாரு வந்தாலும் சரின்னு விட்டுருவேன்.

"மிருகம் பேரு சொல்லு"ன்னாரு டாக்டர் ஒரு தடவ. மாடு, ஆடு, நாயி, அட்டை, கவ்வாத்துக் கத்தின்னேன். "மாடும் ஆடும் எப்புடி ஒண்ணு?"ன்னாரு. "ரெண்டையும் தொரை திங்கிறாரு"ன்னேன். அப்போதிக்கரி சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் அத மாத்திச் சொன்னாரு. டாக்டர் சிரிக்கல, எழுதிக்கிட்டாரு.

என்ன சீக்குன்னு அப்போதிக்கரிகிட்ட கேட்டேன். டாக்டர் சொன்ன பேரு நீளமானது, என் வாயில நுழையல. எளவயசுலயே புத்தி கரைஞ்சு போறதுன்னு அர்த்தமாம். "ஒனக்கி சொல்லு எல்லாம் உள்ள இருக்கு"ன்னாரு அவரு. "அடுக்கி வெச்சது சரிஞ்சி விழுந்திச்சி. எடுக்கிறப்ப வேற வருது. காதில கேக்கிற சத்தம், அது ஒன் நெனப்புதான், வெளியில இருந்து வர்ற மாதிரி ஒனக்கி கேக்குது." அடுக்கலாமான்னு கேட்டேன். "டாக்டர் மாத்தயா சொல்றாரு, இந்த நோய் நல்லாவாறது கஷ்டம்"ன்னாரு.

நல்லாவாகலேன்னா கொழும்புக்கு. பண்டாரவளை வரைக்கும் வண்டி, அங்கருந்து ரயிலு, அங்க போயி பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எங்க தோட்டத்துலேருந்து அங்க போனவ ஒருத்தி உண்டு. அவ திரும்பி வந்தான்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அவ புருசன் வேற கட்டிக்கிட்டான், புள்ளைக அந்தச் சின்னாத்தாள ஆத்தான்னு கூப்பிட்டுச்சுக. பொன்னி அப்பத்தான் "ம்மா"ங்கப் பழகியிருந்தா. அத இனி வேற எவளோ வாங்கிக்குவா.

கதீஜாக்காதான் என்னய அடுக்குனாங்கன்னு சொல்லணும். வேலை இல்லாத மனுசி, பகல் பூரா எனக்கு வாத்தியாரம்மா. துணியத் தொடு, பேரு சொல்லு. செவுத்தத் தொடு, பேரு சொல்லு. பல்லியக் காட்டி, "இது யாரு?" "கங்காணி"ன்னேன் ஒரு நா. "ரெண்டும் செவுத்துல ஒட்டிக்கிட்டுப் பாக்குறதுதான், ஆனா கங்காணியோட சேத்தாப் பல்லிக்குக் கோவம் வந்துரும்"ன்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரிச்ச சிரிப்பு அது. மருந்தா, சிரிப்பா, பேரீச்சம்பழமா, எது வேலை செஞ்சுச்சோ, கங்காணி குரல் கொஞ்சங் கொஞ்சமாத் தூரப் போச்சு. சாவி சாவியாச்சு. சீப்பு சீப்பாச்சு.

ஞாயித்துக்கெழம எங்க வீட்டு ஆளு வருவாக. தோட்டத்துலேருந்து நடந்து வரணும். உள்ள விட மாட்டாங்க, தாவாரத்துல நின்னு கம்பி வழியாத்தான் பேசணும். ரொட்டியும் சம்பலும் வாழையிலையில கட்டிக் கொண்டாருவாக. பொன்னிய ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு சட்டம். அதுக்கு அவுக ஒரு வேலை செஞ்சாக. எதிர்ச் சரிவுல ஒரு சவுக்கு மரம் உண்டு. அதுக்குக் கீழ போய் நின்னு, பொன்னியத் தோள்ல ஏத்திக் காட்டுனாக. சின்னதாத் தெரிஞ்சா. செவப்புச் சட்டை. மழை வந்தாலும் நின்னாக. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "புள்ள நனையுது, போங்க"ன்னு கத்துவேன். அங்க கேக்காது. கேக்காதுன்னு தெரிஞ்சுதான் கத்துவேன், ஏன்னா போயிட்டா எனக்குத் தாங்காது.

இப்புடித் தேறிக்கிட்டு வர்றப்பத்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. டாக்டர் தட்டுல இருந்த எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன். அவரு கூடத் தலையாட்டுனாரு. அப்புறம் அப்போதிக்கரி கேக்குறாரு, "ஒன் புருசன் பேரு என்ன?"

நான் தலையக் குனிஞ்சேன். திரும்பக் கேட்டாரு. பக்கத்துல கதீஜாக்கா இல்ல, இருந்தாலும் அவுங்களுக்குப் பேரு தெரியாது. வழக்கம் போல அடையாளம் சொன்னேன். "மலை மேல இருக்காருல்ல, கையில வேலு, மயில் மேல வருவாரு, கதிர்காமத்துல கூட இருக்காரு. அவருதான்."

அப்போதிக்கரி என்னயப் பாத்தாரு. அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி மாத்திச் சொன்னாரு. டாக்டர் பேனாவ எடுத்து நெறைய எழுதுனாரு. நான் பெருமையா நின்னேன், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டமுன்னு.

மறுநா மருந்து குடுக்க வந்தப்ப அப்போதிக்கரி மொகமே வாடிக் கெடந்துச்சு. "ஏன் புள்ள? நல்லா வந்தியே. புருசன் கதரகம தெய்யோ, கதிர்காமத்துச் சாமின்னு சொல்லிட்டியே."

"ஐயோ ஐயா! சாமின்னு சொல்லல, சாமி பேருன்னு சொன்னேன்! நாங்க பேரு சொல்லக் கூடாது!"

அவரு பாவம், திரும்பப் போயி டாக்டர்கிட்ட சொல்லித்தான் பாத்திருக்காரு. டாக்டர் என்ன சொன்னாராம்? புத்தி கெட்டவங்க எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்பாங்க. பேரு தொரை குடுத்த சீட்டுல எங்கிட்ட இருக்கு. அவளுக்குத் தெரியுதான்னுதான் கேள்வி. தெரிஞ்சா அவ வாயால சொல்லட்டும். அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவ கேக்குறேன், இல்லேன்னா கொழும்பு.

அந்த ஞாயித்துக்கெழம அவுககிட்ட விசயத்தச் சொன்னேன். கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மொகத்தக் கிட்டக் கொண்டாந்தாக. அப்புறம், "சொல்லிரு"ன்னாக.

"வாயக் கழுவுங்க! என்ன பேச்சுப் பேசுறீங்க?"

"சொல்லிரு அழகு. ஆயுசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நா ஒத்தையா என்ன பண்ணுவேன்? ராத்திரியில ஒன் சீலைய மொகத்துல போட்டாத்தான் தூங்குறா."

"போங்க இங்கருந்து! எம்முன்னால நிக்காதீங்க!"ன்னு கத்துனேன். தொண்ட கிழியக் கத்துனேன். வார்டுல இருந்தவங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. அவுக தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனாக.

அந்தக் கோவம் எதுக்குன்னு இப்பச் சொல்றேன், இத்தன வருசமா அவுகளுக்கே சொல்லல. வழக்கம் ஒரு பக்கம். ஆனா அவுக "சொல்லிரு"ன்ன நிமிசம், எனக்குள்ள போயித் தேடுனேன். இல்ல. பேரு இல்ல. அந்தச் சாமிக்கு ஒரு பேரா, ரெண்டு பேரா? எல்லாப் பேரும் வரிசையா வந்து நிக்குது, காம்பராக்காரிக வந்து நின்ன மாதிரி. எது எங்க வீட்டு ஆளு? தெரியல. மத்த வார்த்தையெல்லாம் தப்பா வந்தா அடுத்தவங்க மொகத்தப் பாத்துக் கண்டுக்கலாம். இது நான் பொறந்ததுலேருந்து ஒரு தடவ கூட நாக்குல வைக்காத பேரு. இருக்கா போச்சான்னு சோதிச்சுப் பாக்க எனக்கு வழியே இல்ல. உங்க பேரு என்னன்னு அவுககிட்டயே கேக்கலாம். எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்க? புள்ளையக் கூடைன்னவ, இப்பப் புருசன் பேரயும் தொலச்சுட்டான்னு அவுக இன்னொருக்கா தரையில உக்காரவா?

அந்த வாரம் நான் பட்ட பாடு நாயி படாது. கதவுக்கு உள்ள நான், எனக்கு உள்ள அந்தப் பேரு, ரெண்டு பேருக்கும் தாப்பா வெளியில. கதீஜாக்கா ஒவ்வொரு சாமி பேரா எடுத்துக் குடுத்தாங்க, அவுங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும். பாவம், அவுங்க பஸார்ல எத்தன வாடிக்கைக்காரங்க, அத்தன பேரயும் சொன்னாங்க. எல்லாமே சரியாப் பட்டுச்சு, எல்லாமே தப்பாவும் பட்டுச்சு.

"அவரை யாரு பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, நீ எங்க கேட்டிருப்பாய்?"ன்னு கேட்டாங்க ஒரு நா.

யாரு கூப்பிடுவாங்க? லயத்துல மாமா, மச்சான், அண்ணே. பேரு சொல்லிக் கூப்பிடுறது கங்காணி ஒருத்தருதான். பெரட்டுல. அவுக பேருக்கு அடுத்தாப்ல என் பேரு.

கண்ண மூடிக் களத்துல போய் நின்னு பாத்தேன். குளுரு, பனி, தப்புச் சத்தம். எந்தக் குரலுக்குப் பயந்து செத்தேனோ அந்தக் குரல நானே கூப்பிட்டு வச்சுக்கிட்டேன். சடையன். மூக்காயி. கருப்பன். அப்புறம்... ஒண்ணும் இல்ல. அப்புறம் அழகம்மா. நடுவுல பல்லு விழுந்த எடம் மாதிரி ஓட்டை. திரும்பச் சடையன், மூக்காயி, கருப்பன், ஓட்டை, அழகம்மா. எத்தன தடவ! அதத் திரும்பத் திரும்பச் சொன்னா வியாதி முத்திருச்சும்பாங்கன்னு கதீஜாக்கா என் வாயப் பொத்துனாங்க.

டாக்டர் வர்ற நாளும் வந்துருச்சு. அன்னைக்கு வேலை நாளு, ஆனா எங்க வீட்டு ஆளு வேலைய விட்டுட்டு வந்து தாவாரத்துல நிக்கறாகன்னு கதீஜாக்கா சொன்னாங்க. நான் விரட்டி விட்டும் வந்திருக்காக.

டாக்டர் உக்காந்தாரு. தட்டு இல்ல, சாவி இல்ல. நேரா அதேதான். அப்போதிக்கரி மெதுவாக் கேட்டாரு, "புருசன் பேரு சொல்லு புள்ள. சாமி கதை வேணாம். பேரு மட்டும்."

டாக்டர் பேனாவத் தொட்டாரு. அந்தப் பேனா எறங்குனா கொழும்பு. எறங்கறதுக்குள்ள நான் எந்திரிச்சு நின்னுட்டேன். கைய இடுப்புல வச்சேன். கங்காணி எப்புடி நிப்பாரோ அப்புடி. எப்புடிக் கத்துவாரோ அப்புடி, களத்துக் கோடிக்குக் கேக்குற மாதிரி, மூச்சு விடாம எடுத்தேன்: "சடையன்! மூக்காயி! கருப்பன்!"

அந்த வேகத்துல, ஓட்டை வந்த எடத்துல, நான் நிக்கல. நிக்காததுனால அது வந்துருச்சு. என் வாயிலேருந்து வந்துச்சு. எங்க வீட்டு ஆளு பேரு. மொத தடவையா என் நாக்குல.

வெளியில தாவாரத்துலேருந்து ஒரு கொரலு.

"இருக்கேங்க!"

பெரட்டுல நின்னு பழகுன மனுசன். பேரக் கூப்பிட்டா கொரலு குடுக்கணும், யாரு கூப்பிட்டான்னு யோசிக்க மாட்டாக. யோசிக்காமக் குடுத்துட்டாக.

எனக்கு நிறுத்தத் தோணல. அடுத்த பேரு என் பேருதான. "அழகம்மா!"ன்னு நானே கூப்பிட்டேன். நானே "இருக்கேங்க"ன்னு சொன்னேன். சொல்லிட்டு அங்கயே உக்காந்து ஓன்னு அழுதேன். டாக்டர் சீட்டப் பாத்தாரு, கதவப் பாத்தாரு, அப்போதிக்கரிய என்னமோ கேட்டாரு. அவரு என்னமோ நீளமாச் சொன்னாரு. டாக்டர் பேனாவ மூடிச் சட்டையில சொருகுனாரு. "வீட்டுக்கு"ன்னு எனக்குப் புரியற மாதிரி, தமிழ்ல, அவரு வாயாலயே சொன்னாரு.

அப்புறமும் கொஞ்ச நாள் வச்சிருந்துதான் விட்டாங்க. நான் பொறப்படறப்ப கதீஜாக்கா ஒரு பூப்போட்ட சிட்டித் துணி குடுத்தாங்க, பொன்னிக்குச் சட்டை தைக்கச் சொல்லி. எங்க வீட்டு ஆளும் நானும் ரோட்டுல நடந்தோம். பாதித் தூரம் வந்தப்புறம் அவுக தொண்டையக் கனச்சுக்கிட்டு, "நல்லாத்தான் கூப்பிட்ட"ன்னாக. "சும்மா வாங்க"ன்னேன். சவுக்கு மரத்தத் தாண்டறப்ப இன்னொரு தடவ சொல்லேன்ங்கற மாதிரி பாத்தாக. மாட்டேன்னுட்டேன். வீட்டுக்கு வந்தா பொன்னி என்னயப் பாத்து நாத்தனா பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. அவ எங்கிட்ட வர்றதுக்கு அந்த மழைக்காலம் முடியணும்னு இருந்துச்சு.

காத்தாயி, ஒன் மக விசயம் இதுதான். அவளுக்கு வார்த்தை தப்பா வந்தா சிரிக்காத, அடிக்காத, சாம்பிராணி போடாத. தொட்டுக் காட்டிச் சொல்லிக் குடு. தூங்க வை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, ஆனா தனியா விட்டுட்டு வந்துறாத. அவ என்ன சொல்றான்னு அவங்களுக்குச் சொல்ல நம்ம ஆளு ஒருத்தர் கதவுகிட்ட நிக்கணும்.

எனக்கு முழுசாப் போயிருச்சான்னு கேட்டா, தெரியாது. சில நேரம் சீப்பத் தேடறப்பப் பேனு வந்து நிக்கும். அவுக இருமுனா இன்னைக்கும் எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன், நான் சொன்னதுனாலதானோன்னு. பொன்னி பேனாவ நிறுத்திக் கேக்குறா, "அப்பா பேர அந்த எடத்துல எழுதட்டுமாம்மா?"ன்னு. வேணாம். ஒரு தடவ சொன்னதுக்கே இந்தப் பயம்.

ஆனா ஒண்ணு, இதையும் எழுதிக்கோ. வெள்ளன தப்பு அடிச்சதும், எந்திரிக்கறதுக்கு முன்ன, வாயத் தொறக்காம உள்ளுக்குள்ள ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்குறேன். சடையன், மூக்காயி, கருப்பன். அடுத்த பேரும் வந்துருது. பக்கத்துல படுத்திருக்கவுக பொரண்டு படுக்கறாக. சரி, இருக்காக, நானும் இருக்கேன்னு எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கிறேன்.